ஆகஸ்ட் கடைசியில் காரோடு கடல் தாண்ட: டோவரா, போர்ட்ஸ்மத்தா, ஹாரிச்சா?

இங்கிலாந்திலிருந்து காரோடு ஐரோப்பாவுக்குப் போக நினைத்ததும் பலர் வாயில் முதலில் வரும் பெயர் டோவர். கடல் அங்கேதான் குறுகல். ஒன்றரை மணி நேரத்தில் பிரான்ஸின் கலே வந்துவிடும். பகலும் இரவும் கப்பல் உண்டு, கட்டணமும் மற்றத் துறைமுகங்களைவிடப் பெரும்பாலும் மலிவு. பாரிஸில் ஒரு கல்யாணம், ஜெர்மனியில் ஒரு பூப்புனித நீராட்டு என்று ஓடிப்போய் ஓடிவருகிறவர்களுக்கு அது போதும். ஆற அமர ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டு வர நினைக்கிற குடும்பம் வேறு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தங்கப்போகிற இடத்து வாசல்வரை மொத்தம் எத்தனை மணி, அதில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழிவது எத்தனை மணி என்பதே அந்தக் கணக்கு. அப்படிப் பார்த்தால், பிரான்ஸின் மேற்குக்கும் ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் நீண்ட கடல்வழிதான் நல்லது. பாரிஸுக்கும் பெல்ஜியத்துக்கும் டோவரே இருக்கட்டும்.

முதலில் தேதி

இங்கிலாந்தில் பள்ளிகள் செப்டம்பர் முதல் வாரத்தில் திறக்கின்றன. பிரான்ஸிலும் ஏறக்குறைய அதே நாள்கள்தான். ஆகஸ்டின் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. அதனால் ஆகஸ்டின் கடைசி இரண்டு வார இறுதிகளில் தெற்கிலிருந்து வடக்கே வரும் பிரெஞ்சு நெடுஞ்சாலைகளும், கலேயில் டோவர் கப்பலுக்கான வரிசையும் ஒரே சமயத்தில் நிரம்பும். பிரான்ஸின் போக்குவரத்து முன்னறிவிப்பான பிசோன் ஃபூத்தே ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுக்கிறது. போகும் திசைக்கும் திரும்பும் திசைக்கும் தனித்தனி நிறம் உண்டு. சிவப்போ கறுப்போ விழுந்த சனிக்கிழமையை விட்டுச் செவ்வாய், புதனில் டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் கட்டணமும் குறையும், சாலையும் இளகும்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்குச் செப்டம்பரின் முதல் பாதிதான் சிறந்த காலம். கடல்நீர் நன்றாக வெதுவெதுப்பேறி இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், தங்குமிட வாடகையும் இறங்கியிருக்கும். மாதக் கடைசியை நெருங்க நெருங்க அட்லாண்டிக் காற்று மாறத் தொடங்கும். ஸ்பெயின் கப்பலில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாரிஸுக்கு என்றால்

லா ஷப்பேல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா வழக்கமாகக் கோடைக் கடைசியில் வருவதால், அதையொட்டியே விடுமுறையை வைத்துக்கொள்கிற லண்டன் குடும்பங்கள் நிறைய உண்டு. கலேயிலிருந்து பாரிஸ் சுமார் 290 கிலோமீட்டர், சுங்கச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இன்னொரு வழி நியூஹேவன்–டியெப். கடலில் நான்கு மணி நேரம், இறங்கியபின் பாரிஸ் 190 கிலோமீட்டர் அளவில். மொத்த நேரத்தில் டோவரைவிட ஒன்றேமுக்கால் மணி நேரம் கூடலாம். ஓட்டும் நேரம் முக்கால் மணி அளவில் குறையும்.

அந்த முக்கால் மணிக்காக யார் டியெப் வழி போகலாம்? தெற்கு லண்டனில் டூட்டிங், குரோய்டன், சட்டன் பக்கம் இருப்பவர்கள். அவர்களுக்கு நியூஹேவன் கைக்கெட்டும் தூரம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்டுக்காரர்களுக்கு டோவர்தான் வாகு. நியூஹேவனில் ஒரு குறை: நாளுக்கு இரண்டு மூன்று கப்பல்தான். லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்து கப்பலைத் தவறவிட்டால் அரைநாள் போய்விடும். டோவரில் தவறினால் டிக்கெட்டின் வகையைப் பொறுத்து அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள்.

சுரங்க ரயிலையும் சொல்லிவிட வேண்டும். ஃபோக்ஸ்டனிலிருந்து 35 நிமிடம், காரைவிட்டு இறங்கவே தேவையில்லை. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் வழி. பெரும்பாலும் கப்பலைவிட விலை கூடுதல். எல்பிஜி எரிவாயுவில் ஓடும் வண்டியை ஏற்றமாட்டார்கள். 1.85 மீட்டருக்கு மேல் உயரமிருந்தால் உயரமான பெட்டிக்குரிய டிக்கெட் வேண்டும். கூரைமேல் பெட்டி கட்டிய பிறகு அளந்துதான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். பயணிக்கு ஓய்வு என்று பார்த்தால், 35 நிமிடத்தில் கிடைக்கிற ஓய்வு ஒன்றும் பெரிதில்லை.

நார்மண்டி, பிரிட்டனி: போர்ட்ஸ்மத்தான்

இங்கேதான் டோவர் பழக்கம் அதிக நட்டத்தைத் தருகிறது. லண்டனிலிருந்து டோவரும் போர்ட்ஸ்மத்தும் ஏறக்குறைய சம தூரம், 120 கிலோமீட்டர் சொச்சம். கலேயில் இறங்கி, பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் சென்மாலோவுக்குப் போக மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். போர்ட்ஸ்மத்தில் ஏறினால் கப்பலே சென்மாலோ மதிலடியில் கொண்டுபோய் இறக்குகிறது. போகவர ஆயிரம் கிலோமீட்டர் மிச்சம். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிற காருக்கு அது 70 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 1.70 யூரோ என்று வைத்தால் 120 யூரோ. அதோடு சுங்கம், வழிச் சாப்பாடு, களைத்துப்போனால் ஒரு ஹோட்டல் இரவு. இவற்றையெல்லாம் டோவர் டிக்கெட்டின் மேல் கூட்டிவிட்டு அதற்குப் பிறகு போர்ட்ஸ்மத் விலையோடு ஒப்பிடுங்கள். பல தேதிகளில் வித்தியாசம் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

போர்ட்ஸ்மத்திலிருந்து பிரிட்டனி ஃபெரீஸ் கப்பல்கள் கான் (Caen), சென்மாலோ, லே ஹாவ்ர் ஆகிய ஊர்களுக்குப் போகின்றன. பூலிலிருந்து செர்பூர், பிளிமத்திலிருந்து ரோஸ்கோஃப். தங்கள் காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் பிரிட்டனில் விற்க பிரிட்டனி விவசாயிகள் 1973 ஜனவரியில் ரோஸ்கோஃப்–பிளிமத் வழியில் ஓடவிட்ட சரக்குக் கப்பலில் தொடங்கியது இந்த நிறுவனம். பயணிகள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

கான், சென்மாலோ இரண்டிலும் இரவுக் கப்பல் உண்டு என்பதால் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துவிடக்கூடாது. கான் இரவுக் கப்பல் பின்னிரவை நெருங்கும் வேளையில் புறப்பட்டு விடிகாலை சேரும். மொத்தம் ஏழு மணி நேரம். ஏறி, கேபினைக் கண்டுபிடித்து, பிள்ளைகளைப் படுக்கவைக்க ஒரு மணி நேரம். சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒலிபெருக்கி எழுப்பிவிடும். மிஞ்சுவது நாலரை, ஐந்து மணித் தூக்கம். அந்தத் தூக்கத்தோடு வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஓய்வும் இல்லை, பத்திரமும் இல்லை. சென்மாலோ கப்பல் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை சேருகிறது. சாப்பிட்டு, மேல்தளத்தில் காற்று வாங்கி, எட்டு மணி நேரம் தூங்க இடம் இருக்கிறது. கானுக்குப் போவதென்றால் பகல் கப்பலே சரி: ஆறு மணி நேரம், கேபின்கூடக் கட்டாயமில்லை. ஆனாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் சின்னக் கேபின் ஒன்று எடுத்தால் மதியத் தூக்கத்துக்கும் மூட்டை வைக்கவும் ஆகும்.

சென்மாலோவில் இறங்கியவர்கள் அன்று எங்கும் ஓடவேண்டியதில்லை. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஓதங்களில் ஒன்று இங்கே: பெரிய ஓத நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வற்றின நேரத்தில் மணலில் நடந்தே எதிர்த் தீவுக்குப் போகலாம், நேரம் பார்க்காமல் நின்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். ஓத அட்டவணையைச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோன் சென் மிஷேல் அங்கிருந்து 55 கிலோமீட்டர் அளவில். கான் பக்கம் தங்குகிறவர்களுக்கு இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6இல் நேசப் படைகள் தரையிறங்கிய கடற்கரைகள் அருகே. பாயூ நகரின் புகழ்பெற்ற பூத்தையல் சீலைக்காக மட்டும் போகவேண்டாம். புதுப்பிப்பு வேலைக்காக அந்த அருங்காட்சியகத்தை 2025 செப்டம்பரில் மூடினார்கள்.

சுங்கத்தில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டியது. பிரிட்டனி மாநிலத்துக்குள் சுங்கச் சாலையே கிடையாது, கானிலிருந்து ரென் போகும் ஏ84உம் இலவசம். கானிலிருந்து பாரிஸ் போகும் ஏ13 அப்படியில்லை. சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள், கேமரா எண்பலகையைப் படித்துவிடும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களே கட்டவேண்டும். சாவடி இல்லாததால் இலவசம் என்று நினைத்து வீடு திரும்பியவர்களுக்குப் பின்னால் அபராதக் கடிதம் வருகிறது.

ஸ்பெயினுக்கு ஒரு கப்பல் இரவு

கலேயிலிருந்து சாந்தாந்தேர் 1,250 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டக்கூடாத தூரம். போகவர 2,500 கிலோமீட்டர், 175 லிட்டர் பெட்ரோல், 300 யூரோ. நாலு பேருக்கு இரண்டு ஹோட்டல் இரவும் பிரெஞ்சுச் சுங்கமும் தனி. அதைவிட முக்கியம், பத்து நாள் விடுமுறையில் நாலு நாள் காருக்குள்ளேயே போய்விடும். பிளிமத்திலிருந்து சாந்தாந்தேருக்குக் கப்பலில் சுமார் 20 மணி நேரம், போர்ட்ஸ்மத்திலிருந்து சாந்தாந்தேருக்கோ பில்பாவுக்கோ ஏறத்தாழ ஒன்றேகால் நாள். டிக்கெட் விலை முதலில் திடுக்கிட வைக்கும். மேலே உள்ள கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்ட்ஸ்மத் புறப்பாடுகளில் சில ஓர் இரவு, சில இரண்டு இரவு என்பதால், புறப்படும் நேரத்தோடு சேரும் தேதியையும் படித்துவிட்டே பணம் கட்டவேண்டும்.

இந்த வழியின் சிறப்பு பிஸ்கே வளைகுடா. பிரிட்டனி முனையைத் தாண்டிச் சில மணி நேரத்தில் கடற்தளம் 200 மீட்டர் ஆழத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. அந்த விளிம்பில் உணவு மேலெழுவதால் ஆகஸ்ட், செப்டம்பரில் துடுப்புத் திமிங்கிலங்களையும் ஓங்கில் கூட்டங்களையும் மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம். ஓர்க்கா என்ற அமைப்பின் ஆட்கள் இந்தக் கப்பல்களில் கணக்கெடுப்புச் செய்கிறார்கள், கேட்டால் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லித்தருவார்கள். பைனாகுலரைக் காருக்குள் விட்டுவிட்டு மேலே போய்விடாதீர்கள்.

அதே ஆழ்கடல்தான் அலையையும் கொடுக்கிறது. தொலைவில் எழுந்த புயலின் நீண்ட அலை தடையில்லாமல் இங்கே வந்து சேரும், காற்றே இல்லாத நாளிலும் கப்பல் மெல்ல அசையும். குமட்டல் பயம் உள்ளவர்கள் கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேட்டு வாங்கவேண்டும். முன்நுனியிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம். சின்னரிசைன் மாத்திரை புறப்பட இரண்டு மணி நேரம் முன்பு, ஹயோசின் அரை மணி நேரம் முன்பு போடவேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. இரண்டுமே தூக்கம் வரவைக்கும். ஆகவே இறங்கியதும் ஓட்டப்போகிறவர் கடைசி மாத்திரையை எப்போது போடலாம் என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்வது அவசியம். கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடமே கேட்கட்டும்.

சாந்தாந்தேர் துறைமுகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. இறங்கி ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பீக்கோஸ் தே யூரோப்பா மலையடிவாரம். பில்பாவ் 100 கிலோமீட்டர், ஏ8 சாலையில் அந்தப் பகுதிக்குச் சுங்கம் இல்லை.

நெதர்லாந்து, ஜெர்மனிப் பக்கம்

ஹாரிச்–ஹூக் ஆஃப் ஹாலந்து வழியை லண்டன் வாசிகள் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஸ்டெனா லைனின் இரண்டு கப்பல்களும் 240 மீட்டர் நீளம். அந்த நீளத்தால் வடகடலில் ஆட்டம் குறைவாகவே தெரியும். இரவுப் பயணத்துக்குக் கேபின் கட்டாயம் எடுக்கவேண்டும், அந்தச் செலவை ஹோட்டல் செலவாகவே எண்ணிக்கொள்ளலாம். காலையில் இறங்கினால் டென் ஹாக் (தி ஹேக்) 20 கிலோமீட்டர். நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கும் மதியத்துக்குள் போய்ச்சேர வசதி. லீட்ஸ், மான்செஸ்டர் பக்கத்தவர்களுக்கு ஹல்–ரோட்டர்டாம், வடக்கே நியூகாசல்–ஐமௌடன் (ஆம்ஸ்டர்டாம் பக்கம்). இந்த இரண்டும் முழு இரவுக் கப்பல்கள். தெற்கே டோவர்வரை இறங்கி வரும் பாதிநாள் ஓட்டம் மிச்சம்.

நெதர்லாந்தில் காலை 6 முதல் மாலை 7 வரை நெடுஞ்சாலை வேகம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர்தான். ரோட்டர்டாமுக்கு மேற்கே 2024 டிசம்பரில் திறந்த ஏ24 சுரங்கப்பாதைக்குச் சாவடியில்லாச் சுங்கம் உண்டு. ரோட்டர்டாம் கப்பல் நிற்கிற யூரோப்போர்ட்டிலிருந்து டென் ஹாக் போக ஜிபிஎஸ் அதைத்தான் காட்டும். இதற்கும் இணையத்தில் மூன்று நாளுக்குள் கட்டவேண்டும். தொகை சிறியது, மறந்தால் வருவது பெரியது.

வரிசை எங்கே நிற்கிறது

டோவருக்கும் மற்றவற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். டோவரில் பிரெஞ்சு எல்லைப் போலீஸ் இங்கிலாந்து மண்ணிலேயே, கப்பல் ஏறும் முன்பே, கடவுச்சீட்டைப் பார்க்கிறது. போர்ட்ஸ்மத்திலும் ஹாரிச்சிலும் ஏறினால் அந்தச் சோதனை அக்கரையில் இறங்கிய பின்தான். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிப் படிப்படியாக வந்த ஐரோப்பிய நுழைவுப் பதிவு முறையில், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் அல்லாதவர்களிடம் முதல்முறை முகப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. ஐந்து பேர் உள்ள ஒரு காருக்கு இதனால் ஆகும் நேரம் டோவரில் கப்பலையே தவறவிட வைக்கலாம். மற்ற இடங்களில் இறங்கிய பின் காத்திருப்பாக முடியும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்கவேண்டும். ஸ்பெயினில் ஏழு நாளும் பிரான்ஸில் இரண்டு நாளும் என்றால் ஸ்பெயின் விசா. கப்பல் டிக்கெட் அந்தத் திட்டத்தோடு ஒத்துப்போகவேண்டும் என்பதால், விசாவுக்குப் பிறகு வழியை மாற்றாதீர்கள்.

ஜிபிஎஸ்ஸில் ஊர்ப்பெயரை மட்டும் போடுவதும் பலரைக் கவிழ்க்கிறது. ‘கான்’ கப்பல் நிற்பது 15 கிலோமீட்டர் வடக்கே உய்ஸ்த்ரெஹாமில். ‘ஆம்ஸ்டர்டாம்’ கப்பல் ஐமௌடனில். ‘ரோட்டர்டாம்’ கப்பல் நகரத்துக்கு வெகு மேற்கே யூரோப்போர்ட்டில். ‘பில்பாவ்’ கப்பல் நகருக்கு வெளியே சியெர்பெனாவில். ‘நியூகாசல்’ கப்பல் நோர்த் ஷீல்ட்ஸில். திரும்பும் நாளில் நகர மையத்துக்குப் போய் நின்றால் தவறு தெரியவே அரைமணி ஆகிவிடும். துறைமுக முனையத்தின் முகவரியைப் போகும்போதே சேமித்து வையுங்கள்.

கார்த்தளத்தில்

ஆள் காட்டுகிற இடத்தில், முன்வண்டிக்கு ஒரு கைநீளம் விட்டு நிறுத்தவேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, கியர் வண்டியென்றால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் விடுங்கள். உள்ளசைவை உணரும் அலாரத்தை அணைக்கவேண்டும். மறந்தால் கப்பல் அசையும்போதெல்லாம் கத்திக் கத்தி பேட்டரி இறங்கி, காலையில் வண்டி கிளம்பாமல் பின்னால் உள்ள வரிசை முழுவதும் நிற்கும். எப்படி அணைப்பது என்பது வண்டிக்கு வண்டி வேறு, கைநூலில் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தள எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்பட்டதும் கார்த்தளம் பூட்டப்படும், நடுவில் இறங்க முடியாது. ஆகவே மருந்து, பல்துலக்கி, மாற்றுடை, சார்ஜர், பிள்ளைகளின் போர்வை ஆகியவை ஒரு சின்னப் பையில் மேலே வரவேண்டும். அந்தப் பையை டிக்கியின் அடியில் புதைக்காமல் பின்சீட்டில் வைத்திருந்தால்தான் பின்னால் உள்ளவர்களுக்குத் தொந்தரவில்லாமல் எடுக்க முடியும். மின்கார்க்காரர்கள் கப்பலில் சார்ஜ் போடலாம் என்று நம்பி வராமல், துறைமுகத்துக்கு வரும் வழியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

வலப்பக்கச் சாலைக்கு விளக்கொளியைத் திருப்பும் ஒட்டி (புது எல்ஈடி விளக்குகளில் அது மெனுவிலேயே இருக்கும்), எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி தேவை. மேலங்கி டிக்கியில் அல்ல, இருக்கையிலிருந்து கைக்கெட்டும் இடத்தில். எண்பலகையில் யூகே அடையாளம் இருந்தாலும் ஸ்பெயினுக்குத் தனி யூகே ஒட்டி கட்டாயம். பிரிட்டிஷ் காப்புறுதி வெளிநாட்டில் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக்கு மட்டும் சுருங்கிவிடும், முழுக் காப்பு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கட்டுச்சோறும் கப்பலும்

பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகத் தடை. ஆட்டிறைச்சிக் கறி, தயிர்ச்சாதம், சீஸ் சாண்ட்விச், பால் எல்லாம் இதில் அடங்கும். கப்பலிலேயே சாப்பிட்டு முடித்துவிடலாம், இறங்கும்போது வண்டியில் இருக்கக்கூடாது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், இட்லி மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயோடு என்றால் சிக்கலே இல்லை. பச்சைப் பழம், காய், இலைக்குப் பயிர்நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் அந்தப் பட்டியலில் இல்லை. திரும்பும்போதும் கவனம்: கோமாரி நோய்ப் பரவலால், மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால்பொருளையும் ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குத் தனிப்பட்ட முறையில் கொண்டுவர 2025 ஏப்ரல் 12இல் தடை போட்டார்கள். பிரெஞ்சு சீஸை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

தாமதமானால்

நான்கு மணி நேரம்வரையான பயணத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் டிக்கெட் விலையில் 25 சதவீதம் கேட்கலாம். நான்கு முதல் எட்டு மணிப் பயணத்துக்கு இரண்டு மணி, 24 மணிவரைக்கு மூன்று மணி, அதற்கும் மேல் ஆறு மணித் தாமதம் என்பது அளவு. தாமதம் இதைப்போல் இருமடங்கைத் தாண்டினால் 50 சதவீதம். பத்திரமாக ஓட்டமுடியாத வானிலை காரணமென்றால் இந்த இழப்பீடு இல்லை. டோவரில் ஒரு கப்பல் நின்றால் இன்னொன்று இருக்கும், ஸ்பெயின் வழியில் அடுத்தது இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட இருக்கலாம். திங்கள் காலை வேலைக்குப் போயாகவேண்டியவர்கள் ஞாயிறு சேரும் ஸ்பெயின் கப்பலை எடுக்கக்கூடாது.

டிக்கெட் எடுக்கும்போது போகவர ஒரே வழி என்று கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்பெயினுக்குக் கப்பலில் போய், பிரான்ஸ் வழியாக நாளுக்கு 300 கிலோமீட்டருக்கு மிகாமல் மேலே ஏறி, சென்மாலோவிலோ கானிலோ அதே நிறுவனத்தின் கப்பலைப் பிடிக்கலாம். சென்மாலோவிலிருந்து திரும்பும் கப்பல் பகலில் ஓடி மாலையில் போர்ட்ஸ்மத் சேருகிறது. அதை வெள்ளியோ சனியோ பிடித்தால், ஞாயிறு முழுவதும் துணி துவைக்கவும் பிள்ளைகளின் பள்ளிப்பையை எடுத்துவைக்கவும் கிடைக்கும்.